நடக்காத மூன்றாவது ரவுண்டு

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. குத்துச்சண்டைக்காரன் பேரை மட்டும் சொன்னால் செல்லாது, எந்த வயதில் அவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முருகன் கோயில் மலையடிவாரத்தில் மதிய வெயில் ஏறிவிட்டால் சவாரி குறையும். அப்போது போனில் பழைய ஹெவிவெயிட் சண்டைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு நாங்கள் அடித்துக்கொள்வோம், வாயால்தான். "இருபத்திரண்டு வயசு குட்டையன், முப்பத்தெட்டு வயசு நெட்டையன். யாரு?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். குட்டையன், நெட்டையன் எல்லாம் நாங்களாக வைத்த பெயர்கள். அந்த இரண்டு பேரும் நிஜத்தில் எதிரெதிரே நின்றதே இல்லை. ஒருவன் கையுறையைக் கழற்றி வைத்த பிறகுதான் இன்னொருவன் பிறந்தான். அதனாலென்ன, எங்கள் ஸ்டாண்டில் வாரம் மூன்று தடவை மோதினார்கள்.

நான் எப்போதும் வயதானவன் பக்கம். நம்பிக்கையினால் அல்ல. எல்லோரும் இளையவன் பக்கம் நின்றால் எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டாமா, எனக்கு அந்த வாய் உண்டு. இன்னொரு காரணம் என் பாவா, அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். காலை ஷிப்டு முடிந்ததும் டவுன் பஸ்ஸில் வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவார். இளம் வயதில் சென்னையில் நிஜமாகவே குத்துச்சண்டை போட்டவர், இப்போது நாற்பத்தாறு. "கால் போனா இன்னாங்க, மூள இருக்குதே! நெட்டையன் குட்டையன நாலாவது ரவுண்டுல படுக்க வச்சிடுவான்" என்று நான் அளந்து விடும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இரண்டு வருடம் கூசாமல் பேசினேன்.

போன வருடம் பைபாஸ் பக்கம் ஒரு ஜிம் கட்டினார்கள். இரண்டு வாரத்தில் திறப்பு விழா, அதில் மூன்று ரவுண்டு போட்டி வைக்கப் போவதாகவும், ஊரில் பழைய பாக்ஸர் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் அதன் முதலாளி ஸ்டாண்டுக்கு வந்து சொன்னார். எல்லாக் கைகளும் பாவாவைக் காட்டின. எதிரில் இறங்கப் போவது ஜிம்மின் கோச், இருபத்து நான்கு வயது, நகரிப் பக்கத்துப் பையன். பாவா முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதான் சொல்லுவ, வயசானவன்தான் ஜெயிப்பான்னு. இன்னா மச்சான், இறங்கட்டுமா?"

வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் ஸ்டாண்டே சிரித்திருக்கும், அவருக்கு வயதாகிவிட்டது என்று ஊரறியச் சொன்னவன் நானாக இருந்திருப்பேன். "ஆங், இறங்குங்க பாவா" என்றேன். சொன்ன மாத்திரத்தில் பயம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அந்தப் பயத்துக்குக் காரணமும் கிடைத்தது. டீ மாஸ்டர் கிளாஸை பாவாவுக்கு இடது பக்கத்திலிருந்து நீட்டினார். பாவா ரோட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். மாஸ்டர் கை வலித்து, "அண்ணே, டீ" என்று குரல் கொடுத்த பிறகுதான் முழுசாகத் திரும்பி வாங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக இந்த மனிதர் பெஞ்சின் இடது ஓரத்தை விட்டு வேறு எங்கும் உட்கார்ந்ததில்லை. நாங்கள் எல்லோரும் அவருக்கு வலது பக்கம். யாராவது அந்த ஓரத்தில் இருந்தால் எழுப்பிவிட்டுத்தான் உட்காருவார். அது திமிர் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். இடது கண் தெரியாத ஒருவரை நான் குத்துச்சண்டை மேடைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "நீதான் அவர ஏத்தி உட்டியாமே? என் பேச்சக் கேக்க மாட்டேன்றாரு. நீ சொன்னா கேப்பாருடா, சொல்லுடா." சொல்கிறேன் என்றேன். கண்ணைப் பற்றி அவளிடமும் வாயைத் திறக்கவில்லை. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி வரும் பாவாவைப் பார்ப்பேன், இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அவர் காற்றில் இரண்டு குத்து விட்டுக் காட்டுவார், நான் கைதட்டுவேன். மொட்டை போட வருகிறவர்களை எத்தனையோ வருடமாக மலைக்கு ஏற்றி இறக்கியவன், எனக்கென்று ஒரு நாளும் வேண்டிக்கொண்டதில்லை. அந்த வாரம் வண்டியை மேலே நிறுத்திவிட்டு, முருகா, இவர் தலை தப்பினால் என் தலையைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் முடியைக் கொடுக்கப் போனவன் நான்.

போட்டி அன்று அவர் பக்கத்து மூலையில் நிற்க என்னையே கூப்பிட்டார். தண்ணீர் பாட்டிலும் ஒரு வெள்ளைத் துண்டும் கொடுத்தார்கள். இதற்கு மேல் ஆள் தாங்கமாட்டார் என்று தோன்றினால் மூலையில் நிற்பவன் துண்டை மேடையில் வீச வேண்டும், அதோடு ஆட்டம் முடிந்தது.

முதல் ரவுண்டு நன்றாகத்தான் போனது. நல்ல பையன், மரியாதைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆடினான். இரண்டாவது ரவுண்டில் அவனுடைய வலது கை ஒரு தடவை சும்மா வந்து பாவாவின் இடது கன்னத்தில் பட்டது. அவர் தலையை நகர்த்தவே இல்லை. இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே விழுந்தது. எங்கே அடித்தால் விழுகிறது என்று பையனுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் விழுகிறது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டம் விசிலடித்தது. ஒவ்வொரு அடிக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மணி அடித்ததும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வாயில் தண்ணீர் ஊற்றினேன், பாதி வெளியே வழிந்தது. என்னைக் குனியச் சொல்லிக் காதில் பேசினார்.

"மச்சான், அவன் கை வர்றதே தெரியலடா."

"தெரியும் பாவா."

"தெரியுமா?" என்று ஒரு கணம் என்னைப் பார்த்தார். "நீ வேணாம்னு சொல்லுவன்னு அன்னிக்கே உன் மூஞ்சியப் பாத்தேன். ரெண்டு வாரமாப் பாத்துகினே இருந்தேன். என் வாயால எப்பிட்றா சொல்லுவேன்?"

அவருக்கும் பயம் இருந்தது. இரண்டு வாரமும் என்னைப் போலவே அவரும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்தது, அவர் எழுந்து நின்றார். நான் துண்டை வீசினேன்.

கூட்டம் ஓவென்று கத்தியது. பாவா திரும்பி, நாலு பேருக்குக் கேட்கும்படி, "ஏன்டா போட்ட? நான் கேட்டனா?" என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தவர், ஆட்டோவில் ஏறி உட்காரும்வரை விடவில்லை.

மறுநாளே மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். தோற்றதற்கு மொட்டையா என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. பாவாவும் சேர்ந்து சிரிப்பார். "இவன் மட்டும் துண்டப் போடலன்னா மூணாவது ரவுண்டுல அவனப் படுக்க வச்சிருப்பேன்" என்பார். நாங்கள் விவாதிக்கும் சண்டைகளில் நடக்காத அந்த ரவுண்டும் சேர்ந்துகொண்டது. "ஆங், ஜெயிச்சிருப்பீங்க பாவா" என்பேன்.

போன வாரம் டீ கிளாஸை நான்தான் கொடுத்தேன், வழக்கம்போல, அவருக்குக் கண் தெரியும் வலது பக்கமாக. அவர் கை கிளாஸுக்கு இரண்டு விரல் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. திரும்பவும் துழாவியது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கிளாஸை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"பாவா, எனக்கு பயமா இருக்குது. கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

ஸ்டாண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"பாத்தீங்களாப்பா, இவன் திருந்தவே மாட்டான்" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி, நீ பயப்பட்றியேன்னு வர்றேன். வண்டிய எடு."