திரையைப் பார்த்துப் போகாத கரண்ட்

ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் பிளக்கைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்குகிறாள். உடனே திரும்ப மாட்டுவதில்லை. டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாள். அவசரப்பட்டு மாட்டினால், கரண்ட் போனால் அழிந்துவிடும் சாதாரண மெமரிகூடக் கொஞ்ச நேரம் பழசை வைத்திருந்து ஏமாற்றுமாம். "நல்லா சாகட்டும். அப்புறம் எழுப்பி, என்ன ஞாபகம் இருக்குன்னு கேப்போம்."

மருத்துவமனைக் கருவிகள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு 'பிளக் அக்கா' என்று பேர். கருவிகளைச் சோதிக்கும் வேலை; சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சம்பளம் இல்லாத நேரத்திலும் அதையேதான் செய்வாள். போனில் அம்மா "நல்லாத்தான்டி இருக்கேன்" என்றால், "அப்ப இருமினது யாரு?" என்பாள். கதவை மூடினதும் ஃபிரிட்ஜுக்குள் விளக்கு அணைகிறதா என்று, வீடியோவை ஓடவிட்டுப் போனையே உள்ளே வைத்துப் பார்த்தவள்!

இப்போது அவள் மேசையில் இருப்பது நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பு. கரண்ட் போய் வந்தாலும், எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்பதை அது மறக்கக் கூடாது. மறந்தால் கொடுத்ததையே மறுபடி கொடுக்கும். படுத்திருப்பவர் உயிர் தாங்காது. அதற்காகவே கரண்ட் இல்லாமலும் எழுதியதை விடாத ஒரு மெமரி, அந்த மெமரிக்குள்ளேயே, கணக்கைப் பதிந்து அடுக்கி வைக்க ஒரு ஃபைல் சிஸ்டம். அதை எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். அவள் புருஷன்.

"வீட்டு ஆளு எழுதினதுதானே, கொஞ்சம் நம்பக் கூடாதா?"

"வீட்டு ஆளுங்கிறதாலதாங்க சந்தேகமே. கேஸை அணைச்சிட்டேன்னு சத்தியம் பண்ண ஆளு நீங்க."

அவர் கரண்டை நிறுத்திச் செய்து காட்டும்போதெல்லாம் மருந்துக் கணக்கு பத்திரமாகத் திரும்பி வந்தது. மேனேஜர் கையே தட்டிவிட்டார். அவளுக்கு மட்டும் உறுத்தியது. ஒரு தடவைகூடத் தப்பு செய்யாத பொருள் என்று ஒன்று உண்டா என்ன? பம்பை விட்டுவிட்டுப் புருஷனின் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பிடித்தும்விட்டாள். மனுஷர், திரையில் 'பதிந்தது' என்று வந்த பிறகுதான் ஒயரைத் தொடுகிறார்! பாவம், தனக்கே தெரியாமல், பெற்ற பிள்ளைக்குப் பரீட்சை வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்.

"கரண்ட்டு உங்க திரையப் பாத்துட்டுத்தான் போகுமா?"

அந்த எழுத்து வருவதற்கு முன்பே வெடுக்கென்று பிடுங்கினாள். டீ. மாட்டினாள். சோதனைக்காகக் குழாய்க்குக் கீழே வைத்திருந்த டம்ளருக்குள் இறங்கிவிட்ட மருந்தை, இறங்கவே இல்லை என்று சாதித்தது பம்பு. மறுபடியும் சொட்டத் தொடங்கியது.

கணக்கு, மெமரிக்குப் போகிற வழியில் பிராசஸரின் தற்காலிக நினைவிலேயே தங்கி, கரண்ட் போனதும் அங்கேயே அழிந்துபோயிருந்தது.

"உங்க குடும்பச் சண்டைக்கு என் டெலிவரிதான் கெடச்சுதா மேடம்?" என்றார் மேனேஜர்.

"அந்தக் கட்டில்ல உங்க வீட்டு ஆளு படுத்திருந்தா சார்?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் புருஷன் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, யோசனையா? ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அதிலும் சந்தேகம்தான்.

யோசனைதான். மறுநாள் வரிசையையே மாற்றி எழுதினார். 'கொடுக்கப் போகிறேன்' என்பது முதலில் மெமரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது உறுதியான பிறகே சொட்டு இறங்க வேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தால், பம்பு தானாக எதையும் கொடுக்காது. மணியடித்து நர்ஸைக் கூப்பிடும்.

"அதுக்கும் உன் சந்தேகப் புத்தியக் குடுத்துட்டேன், போதுமா?" என்றார். சிரித்துவிட்டாள்.

சாயங்காலம்வரை பிடுங்கினாள். கண்ட நேரத்தில் பிடுங்கினாள். பம்பு ஒரு சொட்டைக்கூட மறக்கவில்லை.

"இப்பவாச்சும் ஓகே சொல்லுவீங்களா?" மேனேஜர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

அவள் ஒயரைப் புருஷனின் கையில் கொடுத்தாள். "நீங்க புடுங்குங்க."

அவர் வாங்கிக்கொண்டு, வழக்கம்போலத் திரையை எட்டிப் பார்த்தார். அவள் குனிந்து, உள்ளங்கையை விரித்துத் திரையை முழுசாக மூடினாள்.