உள்ளே விட்டுத் தைத்த மேடை

என் அக்கா புருஷன் ஒரு தையல்காரர். கத்தரிக்கோலைத் தவிர வேறெந்த ஆயுதத்தையும் அவர் கையில் நான் பார்த்ததில்லை. பல்பு மாற்றுவதற்கே ஆள் தேடுகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் கடையைச் சாத்திவிட்டு, சமையலறையைத் தானே மாற்றிக் கட்டப்போவதாகச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

காரணம் என்னவோ சிரிக்கிற மாதிரி இல்லை. அக்கா மாடிப்படியில் உருண்டு, இடுப்பு ஒடிந்து, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். “எழுந்து நிக்கலாம், நிக்காமலும் போகலாம்” என்று டாக்டர் பட்டும் படாமலும் சொல்லிவிட்டார். தன் அடுப்பில் அடுத்தவர் கை வைத்தால் பொறுக்காதவள் அவள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் சமையல் மேடை கழுத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த நாட்களில் அவள் அழவில்லை, பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள். எனக்கு அது அழுகையைவிடப் பயமாக இருந்தது.

மாமா கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவர் முழுக்கக் கிறுக்கினார். செய்தித்தாளை மேடை வடிவத்தில் வெட்டித் தரையில் விரித்துப் பார்த்தார். இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷினில் போட்ட முதல் ஓட்டையே தண்ணீர்க் குழாயில் போய் முடிந்தது. ஆள் நனைந்த கோழியாக நின்றார். அடுத்து வந்தது பலகை.

“என்ன மாமா, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்குது?”

“தையலுக்கு விட்டேன் மாப்பிள்ளை.”

“பலகையை மடிச்சா அடிக்கப்போறீங்க?”

திருதிருவென்று விழித்தார். பிறகு இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேலை முடிந்த அன்று என் கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. தாழ்ந்த மேடை, அதன் அடியில் முழங்கால் நுழைய இடம், கை விழுகிற இடத்தில் உப்பு டப்பா. ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமலே ஒவ்வொன்றும் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து வைத்திருந்தார். பலகை ஓரம் நெடுக ஒரு பட்டுத் துண்டை இழுத்துப் பார்த்து, நூல் மாட்டிய இடத்தையெல்லாம் உப்புத்தாளால் மறுபடி தேய்த்தார். இந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போயிற்றே!

அக்காவை அழைத்து வந்தோம். வாசற்படியிலேயே நாற்காலியை நிறுத்தி வெகு நேரம் பார்த்தாள்.

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப நான் இனிமே இப்படியே உக்காந்திருக்கப் போறவதானா?”

இதைக்கூட யோசிக்காமல் கட்டினாரே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. மாமா தரையில் மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்து மேடையின் காலில் வைத்தார். அது இரும்புக் குழாய். அதற்குள் இன்னொரு குழாய், அதில் நெடுக ஓட்டைகள். போல்ட்டைக் கழற்றி, பலகையைத் தூக்கி, மேல் ஓட்டையில் மாட்டினால் மேடை உயர்ந்துவிடும்.

“சின்னப் பிள்ளைங்க சட்டையில உள்ளுக்குள்ள துணி விட்டுத் தைப்பேன்ல, அது மாதிரிதான். நீ எழுந்திருக்க எழுந்திருக்க, பிரிச்சு விட்டுக்கலாம்.”

“எவ்வளவு விட்டிருக்கீங்க?”

“உன் பழைய உயரம் முழுசும்.”

அக்கா அந்த ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். டாக்டர் கொடுக்கத் தயங்கிய வாக்கை இவர் இரும்பில் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். “தீப்பெட்டி எங்க?” என்றாள்.

அதற்குப் பிறகு மேடை ஒவ்வொரு ஓட்டையாக ஏறியது. போன வாரம் நான் போனபோது அக்கா பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. புதிய அளவு எடுக்க மாமா டேப்போடு மண்டியிட்டிருந்தார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தினமும் சொல்கிற ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கு அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. டேப்பின் நுனியை அவள் குதிகாலில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“நேரா நில்லும்மா.”

அக்கா நின்றாள்.