இடைவேளையில் பன்னிரண்டு பொன்னாடைகள்

அந்தப் பன்னிரண்டு பொன்னாடைகளையும் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கோபப்படும்போது, இவளுக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்கக்கூடாது.

லா ஷப்பலின் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கடையிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் அந்தப் பெரிய கூடைப்பந்து அரங்கு வரும். அங்கே ஆடும் தொழில்முறைக் கழகம் என் மகளைவிட இளையது. அவளுக்குப் பதினைந்து வயது. தன் மாமன்மார் எத்தனை பேர் என்று கேட்டால் யோசிப்பாள். அந்தக் கழகத்து வீரர்களின் உயரத்தைக் கேட்டால் ஒவ்வொன்றாக ஒப்பிப்பாள். அவளும் வட்டாரப் பெண்பிள்ளைகள் அணியில் ஆடுகிறாள். பந்தை முன்னால் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை.

சென்ற பருவத்தில் ஒரு நாள் கழகத்திலிருந்து செய்தி வந்தது. ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் வட்டாரப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். உள்ளே வர இரண்டு, வெளியே போக இரண்டு, நடுவில் ஆறு நிமிடம் ஆட்டம். நிஜத் தரை, நிஜக் கூடை, மேலே பெரிய மணிக்கூடு, சுற்றிவர ஆயிரக்கணக்கில் சனம். ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. மகள் பல் துலக்கும்போதும் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு தோழிகளுக்கு அடுத்த பருவத்தில் இந்த வயதுப் பிரிவு முடிந்துவிடும். அந்த அணி சேர்ந்து ஆட இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று அவளே சொன்னாள்.

கழகம் நல்லெண்ணத்தோடு எங்கள் ஆட்களின் சங்கமொன்றுக்கும் சொல்லியிருந்தது. உள்ளே வரும் இரண்டு நிமிடத்தில் ஒரு சிறு வரவேற்புச் சொல்ல இடம் கேட்டார் சங்கத் தலைவர். பாவம், கழகத்தாருக்கு எங்களைத் தெரியாது. கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மகளின் முழங்காலில் கட்டுப் போட்டிருந்ததைக் கடையில் வைத்துப் பார்த்துவிட்டு, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையே தங்கச்சி? பரதத்துக்கு விடலாமே?" என்று கேட்டவர் அவர். அதே மனிதர், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்து பன்னிரண்டு பொன்னாடை கேட்டார்.

"என்னத்துக்கு அண்ணை?"

"மட்சுக்குத்தான் தங்கச்சி. சும்மா ஒரு மரியாதைக்கு."

ஆட்டம் முடிந்தபிறகு எங்காவது ஒரு மூலையில் போர்த்துவார்கள் என்று நினைத்தேன். எத்தனை வருடமாக இந்தச் சனத்தோடு இருக்கிறேன், எனக்கு அந்தப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. சரிகைக் கரை கசங்காமல் மடித்துக் கொடுத்தேன்.

இடைவேளைச் சங்கு ஊதியது. வீரர்கள் உள்ளே போனார்கள். பத்துப் பிள்ளைகளும் சீருடையோடு கோட்டோரம் வந்து நின்றார்கள். மகளின் கையில் பந்து. மணிக்கூடு இறங்கத் தொடங்கியது. தலைவர் நடுவில் போய் மைக்கைப் பிடித்தார்.

முதல் பொன்னாடை கழக அதிகாரிக்கு. சரி, இடத்துக்குச் சொந்தக்காரர். இரண்டாவது நகரசபையிலிருந்து வந்த அம்மாவுக்கு. அதையும் பொறுத்தேன். மூன்றாவது முன்னாள் தலைவருக்கு. நான்காவது அந்த முன்னாள் தலைவர் இந்நாள் தலைவருக்கு. அதற்குப் பிறகு ஆளுக்காள் போர்த்திக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அறிமுகம், ஒரு கும்பிடு, ஒரு படம். படம் சரியாக வரவில்லை என்று ஒருவர் கழற்றி மறுபடியும் போர்த்தச் சொன்னார். கழகத்தின் இளம்பெண்ணொருத்தி காதில் கருவியோடு ஓரத்தில் நின்று, விரலால் நேரத்தைக் காட்டிக்கொண்டேயிருந்தாள். ஐந்து விரல், நான்கு விரல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்று பூசாரிமார் பன்னிரண்டு பேர்.

எனக்குப் பக்கத்தில் மாலி நாட்டுத் தாய் ஒருத்தி இருந்தாள். அவள் மகளும் கோட்டோரம் நின்றாள். "இது உங்கள் சமயச் சடங்கா?" என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள். சமயம் என்றால் பொறுத்துக்கொள்வோம் என்ற மரியாதை அவள் குரலில் இருந்தது. வெட்கத்தில் நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

அப்போதுதான் மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். "எங்கட வீராங்கனையின் தாயார் எங்களுக்காக ஒரு பொன்னாடையைப் போர்த்தி வைப்பார்." நான் மாட்டேன் என்று இருந்திருக்கலாம். போய் மைக்கைப் பறித்து, பிள்ளைகளை விடுங்கோ என்று கத்தியிருக்கலாம். நான் எழும்பிப் போனேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனேன். யாரோ ஒரு கடை முதலாளிக்குப் போர்த்தினேன். படத்துக்கு இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், சிரித்தும் இருக்கிறேன். அந்தப் படத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

நான் திரும்பி வருமுன் சங்கு மறுபடி ஊதியது. வீரர்கள் உடம்பைச் சூடாக்க ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவன், பனை உயரம், மகளின் முன்னால் வந்து கையை நீட்டினான். பந்து எடுத்துக் கொடுக்க நிற்கும் பிள்ளை என்று நினைத்திருப்பான். அவள் பந்தைக் கொடுத்தாள். "மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு ஓடினான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த பருவத்தில் பார்ப்போம் என்று காதில் கருவியோடு நின்ற கழகத்துப் பெண் வந்து பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டாள். பொன்னாடையோடு நின்ற எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மகள் அழவில்லை. பாலத்தடிக்கு வந்ததும் பிரெஞ்சில் சொன்னாள். "நாற்பத்தொரு விநாடி."

"என்னது?"

"நீங்கள் எடுத்தது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து கைக்கு வந்தால் கூடைக்கு எறிய இருபத்துநான்கு விநாடிதான் தருவார்கள். ஒரு ஆட்டம் முழுக்க எனக்கு வேண்டாம் அம்மா. உங்கள் நாற்பத்தொன்றில் ஒரு தடவையாவது கூடை வரை ஏறிப் போயிருப்பேன்."

போர்த்திய பன்னிரண்டு பேரில் நான் போக மற்றப் பதினொரு பேரையும் திட்ட நான் வாய்க்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தலைவர் கடைக்கு வந்தார். நிகழ்ச்சி வெகு சிறப்பாம், படங்களுக்கு நல்ல வரவேற்பாம். இனிப் பிள்ளைகளையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கௌரவிக்கப் போகிறார்களாம். "ஒரு பத்துப் பொன்னாடை எடுத்து வையுங்கோ தங்கச்சி."

பிள்ளைகளுக்கு வேண்டியது பொன்னாடை இல்லை, விளையாட்டு நேரம் என்றேன். அவர் அதை விளக்கச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. அவரே விளக்கத் தொடங்கினார். இனம், இளைய தலைமுறை, பெருமை. நான் சுவர் மணிக்கூட்டின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்துநான்கு ஆனதும் மேசையில் இருந்த பொன்னாடைக் கட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

"அண்ணை," என்றேன், "என்ர பிள்ளைக்கு நீங்கள் இவ்வளவு நேரங்கூடக் குடுக்கேல்லை."