சாட்டையடிக் காட்சி

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். தவக்காலம் வந்தால் கோயில் களத்தில், இயேசு ஆண்டவர் பாடுபட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். உடைகள் எல்லாம் நான்தான் தைப்பேன். ஆண்டவரைச் சாட்டையால் அடிக்கும் சேவகன் வேஷம் என் சின்னண்ணனுக்கு. உடம்பு நல்ல கட்டு, ஆனால் சுபாவம் சாது. அவன் அடிப்பதைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பார்கள். பழந்துணியைத் திரித்துச் சிவப்புச் சாயத்தில் நனைத்த சாட்டை அது. அதை முதுகில் ஒற்றி எடுப்பதுபோல் அடிப்பான்.

அவன் திருச்சியில் வெல்டிங் படித்தவன். குவைத் வேலைக்கு டெஸ்ட் எழுதிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தான். கடிதம் வந்த அன்று அவன் வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். தபால்காரர் என் கையில் கொடுத்தார். நான் பெரியண்ணனிடம் கொடுத்தேன். அப்பா இல்லாத வீட்டில் அப்படித்தான் வழக்கம். பெரியண்ணன் இரண்டு தடவை படித்தான். பிறகு நெல் அவிந்துகொண்டிருந்த அடுப்பில் அதைச் செருகினான்.

"இவன் போயிட்டா அம்மாவையும் நிலத்தையும் பாத்துக்கிட்டு நான் இங்கயே கெடக்கணும். நீ வாயத் தொறக்காத. உன்ன டீச்சர் ட்ரெயினிங் சேத்து விடுறேன்" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு டீச்சராக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. சின்னண்ணன் மழைக்காலம் வரைக்கும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்து எழுந்து எழுந்து உட்கார்ந்தான். பிறகு, தான் டெஸ்டில் தேறவில்லை என்று அவனே முடிவு செய்துகொண்டான். வெல்டிங் கண்ணாடியைப் பரணில் போட்டான். அடுத்த வருஷம் பெரியண்ணன் வேறு ஏஜென்ட் பிடித்துக் குவைத் போனான்.

ஐந்து வருஷம் கழித்து அவன் லீவில் வந்தான். ட்ரெயினிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நாகப்பட்டினத்துக்காரருக்கு என்னைப் பேசி முடித்திருந்தான். மனைவி இறந்தவர், என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். "நல்ல மனுஷன், குடிக்க மாட்டாரு" என்றான். அம்மா சம்மதித்துவிட்டாள்.

அந்த வருஷ நாடகத்தில் ஆண்டவர் வேஷம் அவனுக்குத்தான். குவைத்திலிருந்தே பங்குச்சாமியாருக்கு எழுதிக் கேட்டிருந்தான். வெளிநாட்டுச் சட்டையோடு ஊரைச் சுற்றியது போதாமல் கடவுளாகவும் நிற்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரம் நாடகம் தொடங்கியது. சாட்டையடிக்கு முந்திய காட்சியில், மறைப்புக்குப் பின்னால் சின்னண்ணனுக்கு இடுப்புவார் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னேன்.

"அண்ணே, நீ டெஸ்டுல பாஸ்தான். லெட்டர் வந்துச்சு. பெரியண்ணன் அடுப்புல போட்டுட்டான்."

அவன் என்னைப் பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அவன்ட்ட கொடுத்தேன்."

வெளியே அவனைக் கூப்பிட்டார்கள். சாட்டையைச் சாயவாளியிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். நான் சுற்றிப் போய்ப் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்தேன்.

ஈரத்துணியை முறுக்கினால் அது கட்டைக்குச் சமம். முதல் அடியின் சத்தத்திலேயே கூட்டம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் பெரியண்ணன் தூணைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் வந்தான். பாடகர்களின் பாட்டு முடிந்ததும் அடி நிற்க வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை. ஆர்மோனியக்காரர் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். சின்னண்ணன் அழுதுகொண்டே அடித்தான். பக்கத்தில் இருந்த அக்கா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "என்னமா உருகி நடிக்கிறான் பாரு உங்க அண்ணன்" என்றாள். ஊர் முழுக்க அழுதது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் நான் சொன்னதில்லை. அதுவரை தையல் தைத்த கையால் அன்றைக்கு நானும் ஒரு காட்சி அமைத்தேன், அது நன்றாக வந்துவிட்டது என்ற சந்தோஷம் அது.

முடிந்ததும் பங்குச்சாமியார் இருவரையும் ஆசீர்வதித்து, "இந்தப் பக்தியை நான் எங்கயும் பாத்ததில்லை" என்றார்.

பெரியண்ணனின் முதுகை நான்தான் கழுவினேன். சாயம் போன பிறகும் சிவப்பு போகவில்லை.

"சொல்லிட்டியா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

அவன் திரும்பாமலே சொன்னான். "நானே சொல்லலாம்னுதான் வந்தேன். வாய் வரல. அதான் சாமியாருக்கு எழுதி இந்த வேஷத்தக் கேட்டேன். அவனுக்குத் தெரியாட்டியும், அவன் கையால நாலு அடி விழட்டும்னு நெனச்சேன்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. பெருமைக்காகப் போட்ட வேஷம் என்றுதான் நினைத்திருந்தேன். தூணை விட்டு அவன் ஏன் விலகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

"அடி வாங்கிட்டா தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு, கழுவும் தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டேன். சீக்கிரம் ஆறும் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவன் இரண்டு வாரத்தில் விமானம் ஏறினான். நான் நாகப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். பெரியண்ணன் பிறகு விசா வைத்து அனுப்பிய கடிதத்தைச் சின்னண்ணன் பிரிக்காமலே திருப்பி அனுப்பினான். அண்ணன் தம்பி பேச்சு அதோடு நின்றது. என்னோடு மட்டும் சின்னண்ணன் பேசினான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு யார் மேடையேறினாலும், எதற்காக ஏறுகிறார்கள் என்று தேடாமல் என்னால் பார்க்க முடிவதில்லை. எங்கள் கோயிலில் ஒருத்தி பாடுவாள், குரல் கூரையைத் தொடும். வெறும் நல்ல குரல் என்றுதான் பல வருஷம் கேட்டேன். அவளை விட்டுப் போன கணவன், அவளுடைய தங்கையோடு இரண்டாவது வரிசையில் உட்காருகிறான் என்று ஒருநாள் தெரிந்தது. அடுத்த ஞாயிறு அதே பாட்டைக் கேட்டபோது நான் இரண்டாவது வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் சின்னண்ணன் மகள் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தாள். அன்றைய நாடகத்தை யாரோ கேசட்டில் எடுத்திருந்தார்களாம், அது இப்போது அவள் போனில் இருந்தது. "அப்பா எவ்ளோ நல்லா நடிச்சிருக்காரு அத்தை" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு உட்பட. அவள் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்தத் தடவை அவள் அடித்தவரைப் பார்க்கவில்லை, தூணைப் பிடித்திருந்த கைகளையே பார்த்தாள்.

"பெரியப்பா கைய விடவேயில்ல" என்றாள். அப்புறம், "நீங்க ரொம்ப மோசம் அத்தை" என்றாள்.

ஊருக்குப் போனதும், ஏன் அதற்குப்பின் நாடகத்தில் நடிக்கவேயில்லை என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். சின்னண்ணன் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லையாம்.

"அத விட நல்லா இனிமே எங்க நடிக்கிறது" என்றானாம்.