நூறு மில்லி செகண்ட்

அலுவலகத்தில் அவளை 'அப்புறம் அக்கா' என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. யார் எதைக் கேட்டு வந்தாலும், "எழுதி வச்சுட்டுப் போங்க, அப்புறம் பாக்கறேன்" என்பாள். சொன்னபடி பார்த்தும் விடுவாள். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்கிற தொழில் அப்படி.

லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கதவுப் பூட்டு இவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கணினிகளின் கெர்னலில், அதாவது எல்லாவற்றையும் நடத்தும் அடிப்படை நிரலில், இன்டரப்ட் பகுதியை எழுதுகிறவள் அவள். கணினி தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பொத்தானோ மோட்டாரோ 'என்னைக் கவனி' என்று குரல் கொடுக்கும். அதுதான் இன்டரப்ட். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். கூப்பிட்டது யார் என்று பார்த்து, குறித்துக்கொண்டு, அடுத்த கணமே பழைய வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். மீதியெல்லாம் அப்புறம். வாசலில் நின்று வம்பளக்கிற நிரலைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. மற்றவர்கள் நாற்பது வரியில் எழுதுவதை ஒன்பது வரியில் முடித்துவிடுவாள்.

வாய்த்த கணவரோ வாய் ஓயாதவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் கண்ணாடி வாங்கினார்களோ இல்லையோ, அவர் பேச்சைக் கேட்காமல் போனதில்லை. வீட்டிலும் அவள் கணினியைத் திறந்தால் போதும், "இங்க பாரேன்" என்று ஆரம்பிப்பார். பத்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அந்தப் பேச்சை அள்ளிக்கொண்டு போயிற்று. கண்களும் வலது கையின் சுட்டுவிரலும் மிஞ்சின. இமையை மூடித் திறந்தால் ஆமாம். பார்வை ஜன்னல் பக்கம் போனால் இல்லை.

அவருக்காக அவள் ஒரு சின்ன டப்பா செய்தாள். டப்பா கட்டிலுக்குக் கீழே, படுக்கையில் அவர் விரலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால், டப்பா அவள் கைபேசியை அழைக்கும். தன் விரலால் நூறு தடவை அழுத்திப் பார்த்தாள். நூறும் வந்தது. "எப்ப வேணா கூப்பிடுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு அழைப்பும் இல்லை.

கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கைபேசிக்குப் போகும். கடன் வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிட்டார்கள், தப்பான எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் கூப்பிடவில்லை. அந்தக் குரல் இனி இல்லை என்பதைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டாள். ஆனால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லையா? நேரில் கேட்டிருக்கலாம். கேட்டு, பார்வை ஜன்னல் பக்கம் போய்விட்டால்? அந்தப் பயத்திலேயே கேட்காமல் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் துடைப்பத்துடன் நின்றாள். "அந்த டப்பாவ எடுத்துடலாமாம்மா? கூட்டறதுக்குத் தடையா இருக்கு. சும்மா தூசிதான் சேருது."

"சரி, எடுத்துடலாம்" என்றாள்.

பிடுங்குவதற்கு முன், தொழில் பழக்கம், மடிக்கணினியை அதில் செருகினாள். ஒவ்வொரு கம்பியிலும் எத்தனை தடவை குரல் வந்தது என்று கெர்னல் எண்ணி வைக்கும். கவனித்தாலும் எண்ணும், கவனிக்காவிட்டாலும் எண்ணும். பொத்தானின் கம்பிக்கு எதிரே பூஜ்யத்தைத் தேடினாள். அறுபத்தோராயிரத்துச் சொச்சம் என்று இருந்தது.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பொத்தானை அழுத்தும்போது உள்ளே தகடு ஒரேயடியாக ஒட்டாது. கொஞ்சம் துள்ளித்தான் அடங்கும். ஒவ்வொரு துள்ளலையும் எண்ணினால் ஒரு அழைப்பு பத்தாகிவிடும். அதனால், நூறு மில்லி செகண்ட், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஆடாமல் நின்றால்தான் அழைப்பு, இல்லையென்றால் வெறும் சத்தம், தள்ளிவிடு என்று எழுதியிருந்தாள். அவள் விரல் ஆடாது. அவர் விரல் நடுங்குகிற விரல்.

தள்ளிவிட்டவற்றின் நேரத்தைக் குறிக்கும் வரி ஒன்றைச் சோதனைக்காகப் போட்டு, அப்புறம் எடுக்கலாம் என்று விட்டிருந்தாள். அந்தக் கோப்பைத் திறந்தாள். மதியம் ஒரு மணி இரண்டு நிமிடம். மறுநாள் ஒன்று ஐந்து. அதற்கு மறுநாள் ஒன்று ஒன்று. எந்த நாளிலும் ஒரு மணிக்கு முன்னும் இல்லை, ஒன்றரைக்கு மேலும் கிடையாது. ஒரு மணிக்குத்தான் அவள் சாப்பிட உட்காருவாள். வேலைக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்துக் கிடந்திருக்கிறார் மனுஷர். அவள் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுநாளும் கூப்பிட்டிருக்கிறார்.

வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே மூன்று வரியை மாற்றினாள்: நடுங்கினாலும் அழைப்புதான்.

கட்டிலருகே போய், "நீங்க கூப்பிட்டது எனக்கு வரவே இல்லீங்க. என் தப்பு. கேட்டும் கேக்காத மாதிரி நான் இருக்கல" என்றாள். அவர் கண்கள் அவளை விட்டு நகரவில்லை.

"தினம் எதுக்குக் கூப்பிட்டீங்க? வலியா?"

பார்வை ஜன்னலுக்குப் போயிற்று.

"தாகமா? இந்தப் பொண்ணு சரியா கவனிக்கலையா?"

ஜன்னல்.

"தனியா இருக்க பயமா இருந்துச்சா?"

அதற்கும் ஜன்னல்தான். அவளுக்குக் கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் காரணம் இல்லாத அழைப்பு எதையும் அவள் உள்ளே விட்டதில்லை. மெல்லக் கேட்டாள்.

"சும்மாவா?"

இமைகள் மூடித் திறந்தன.

விரல் நடுங்கி நடுங்கிப் பொத்தான் மேல் ஏறியது. அவள் கையிலிருந்த கைபேசி அடித்தது. அவர் எதிரிலேயே நின்றபடி அதைக் காதில் வைத்து, "சொல்லுங்க" என்றாள்.