எழுத்தாளருக்குச் சந்தனப் பொட்டு

எனக்கொரு வியாதி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய எழுத்தாளர்கள் ஸ்டுடியோவில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட அசல் படங்களைச் சேர்க்கிறேன். உள்ளங்கையளவு அட்டையில் ஒட்டிய படங்கள். அவர்களுடைய புத்தகங்களைப் படித்தாயா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

போன வருஷம் ஓர் ஐரோப்பிய நாவலாசிரியர் தபாலில் வந்து சேர்ந்தார். மார்புவரை தாடி. அட்டையின் அடிவிளிம்பில் அவரே மையால் போட்ட கையெழுத்து. அது இருந்தால் பொக்கிஷம். இல்லாவிட்டால் யாரோ ஒரு தாடிக்காரர்.

ஆசிரமங்கள் நிறைந்த செங்கம் ரோட்டில் ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நாளெல்லாம் மகான்களுக்கே சட்டம் போடுகிறவர்.

“எந்த சாமி சார் இவரு?”

விளக்கப் போனால் அரைமணி நேரம் ஆகும். “பெரிய மகான்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

மறுநாள் போனால், கண்ணாடியில் நெற்றிக்கு நேராகச் சந்தனம், குங்குமம். மேலே மல்லிச் சரம். அதெல்லாம் போகட்டும், அடிவிளிம்பைக் காணோம்!

“கீழே எழுதியிருந்ததே?”

“அந்தக் கிறுக்கலா? சாமி படத்துல எவனோ பேனாவால கிறுக்கி வெச்சிருந்தான். நீட்டா வெட்டிட்டேன் சார்.”

அப்படியே ஸ்டூலில் சரிந்தேன். கண் கலங்கிவிட்டது. வாசலில் பூ விற்கும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாரு, சாமியப் பாத்ததும் சாரு உருகிட்டாரு!”

வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினேன். இவர் சாமி இல்லை, கதை எழுதியவர். அது கிறுக்கல் இல்லை, அவர் கையெழுத்து.

“இன்னா சார் நீங்க!” என்று கடைக்காரர் மேஜைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். “சாமி படத்துல வெட்டுன துண்டு கால்ல படக் கூடாதுனு எடுத்து வெச்சிருப்பேன். பௌர்ணமி முடிஞ்சா கொளத்துல வுட்டுடுவேன். நல்லவேளை பொய் சொன்னீங்க. கதை எழுதறவருனு சொல்லியிருந்தா அப்பவே பெருக்கித் தள்ளியிருப்பேன்.”

பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து துழாவினோம். ஏதோ ஒரு மகானின் புலித்தோல் ஓரத்துக்கும் தாமரை இதழுக்கும் நடுவே கையெழுத்து கிடைத்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

படத்துக்குக் கீழே அதைப் பொருத்தி மறுபடி சட்டம் போட்டார். வெட்டிய கோடு தெரிகிறது, தெரியட்டும். பொட்டைத் துடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், கையெழுத்தைக் காப்பாற்றியதே அந்தச் சாமிப் பட்டம்தானே.

“அப்படி இன்னா கதை சார் எழுதனாரு?”

“அடுத்த படம் கொண்டு வரும்போது சொல்றேன்.”

அடுத்த படம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் கடைப்பக்கம் போகவில்லை. நான் தாடிக்காரரின் நாவலில் எண்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.