எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மாடம்பாக்கத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிறந்த சின்னவள் ஒன்பதாவது படித்தாள். பெரியவளின் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் சின்னவள் கார் ஓட்டுகிற விளையாட்டு ஆடுவாள். பள்ளிவிட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றமாட்டாள். சோறு ஆறிப்போகும். ஒருநாள் மவுஸைப் பிடுங்கிக் குக்கருக்குள் ஒளித்தேன். என் கையைக் கடித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவளுக்குப் பெருங்களத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை எங்கள் பக்கத்துப் போர்ஷன். எங்கள் வீட்டில் இருமினால் அவர்கள் வீட்டில் கேட்கும்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் தாள்களோடு வந்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டு பிள்ளைகளை எவ்வளவு பிடித்து ஆட்டுகிறது என்று அளக்கிறார்களாம். பிள்ளைகளிடம் பள்ளியில் எழுதி வாங்கியாகிவிட்டது, இனிப் பெற்றவர்களைக் கேட்க வேண்டுமாம்.

அத்தை வந்து நின்றாள். “இன்னாம்மா, ரேஷன் கார்டா?”

“இல்லீங்க, சர்வே. பல நாட்டுல இதே கேள்வியத்தான் கேக்கறாங்க.” என் பக்கம் திரும்பினாள். “விளையாட விடலைன்னா கோவப்படறாளாம்மா?”

“இல்லீங்க.” கடிபட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“எவ்ளோ நேரம் ஆடினேன்னு பொய் சொல்லுவாளா?”

“எம் பொண்ணு பொய்யே பேசாது மேடம்.”

“அது வாயத் தொறந்தாத்தானே பொய் சொல்றதுக்கு!” என்று அத்தை சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கல்யாணம் பேசுகிற வீட்டில் யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரு குறையும் இல்லை என்றுதானே வாயில் வரும்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். அத்தை கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இத நான் சொல்லக்கூடாதும்மா, மனசு கேக்கல. உங்க பொண்ணு எல்லாத்துக்கும் ஆமான்னு எழுதியிருக்கா. என்னால நிறுத்த முடியலன்னு கீழே தனியா வேற எழுதியிருக்கா. நீங்க ஆமான்னா டாக்டருக்குச் சீட்டு தரேன். காட்டலாம்.”

உள்ளே கார்ச் சத்தம் நின்றது. நான் கூப்பிடாமலே சின்னவள் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

அத்தையின் கை கொடியிலேயே நின்றது.

“சின்னப் பொண்ணு மேடம். கேள்வி புரியாம எழுதியிருக்கும்” என்றேன்.

சின்னவள் உள்ளே போனாள். மறுபடி கார்ச் சத்தம். அந்தப் பெண் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. சின்னவள் பத்தாவதில் பாதியில் நின்றாள். திட்டினேன், கெஞ்சினேன், ஒருநாள் காலில்கூட விழுந்தேன். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்பாள். இன்றைக்கும் அதே பதில்தான். அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது.

மற்ற நாட்டுத் தாய்மார்கள் என்ன சொன்னார்களோ. அவர்கள் பக்கத்திலும் யாராவது நின்றிருந்தால் அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

அந்தப் பெண் கேட்ட கேள்வி மொத்தம் ஒன்பதா பத்தா, எனக்கு நிச்சயமில்லை. சின்னவள் அப்போது படித்தது ஒன்பதாவதா எட்டாவதா என்பதிலும் சந்தேகம். பெரியவளுக்குத் தெரிந்திருக்கும். யாராவது அவளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். சின்னவளிடம் கேட்கவேண்டாம்.